சாக்ஸபோனின் உண்மைக் குரல் எது?

“சாக்ஸபோனா? திருவிழாவில் சப்பரத்துக்கு முன்னால் பாண்டு வாத்தியக்காரர்கள் ஊதிக்கொண்டு போவார்களே, அதுதானே?” என்று வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள். அதுவேதான். யானைத் துதிக்கைபோல வளைந்து, வாய் அகன்று, மேலெல்லாம் மூடிகளும் கம்பிகளுமாக மின்னும் அந்தக் குழல்தான். திரைப்படப் பாடல்களிலும் அதன் ஒலியை நீங்கள் கேட்டிருப்பீர்கள். ஆனால் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இதே கருவிக்கு வேறொரு வாழ்க்கையும் உண்டு. பெரிய இசையரங்குகளில், வயலின்களும் செல்லோக்களும் நிறைந்த இசைக்குழுவின் முன்னே நின்று, ஏட்டில் எழுதியுள்ள ஸ்வரங்களைப் பிசகாமல் வாசிக்கும் சாஸ்திரீய வாழ்க்கை அது. அந்த உலகில் ஒரு வழக்கு 1930-களில் தொடங்கி இன்றுவரை ஓய்ந்தபாடில்லை. சாக்ஸபோனின் குரல் எப்படி இருக்க வேண்டும் என்பதே வழக்கு. வாதி ஒரு ஜெர்மானியர், பிரதிவாதி ஒரு பிரெஞ்சுக்காரர். இருவரும் மாமேதைகள். இருவருமே தம் கருவியை உயிருக்கு மேலாக நேசித்தவர்கள்.

வழக்கைப் புரிந்துகொள்வதற்கு முன் கருவியைப் புரிந்துகொள்ள வேண்டும். சாக்ஸபோன் பித்தளையால் ஆனது. ஆயினும் அதனை டிரம்பெட்டுடன் சேர்க்காமல், கிளாரினெட், ஓபோ ஆகிய மரக்குழல்களின் குடும்பத்தில்தான் சேர்ப்பார்கள். தேர்வில் கேட்டால் நம்மில் பாதிப்பேர் தவறாக எழுதுவோம்! காரணம் எளிது. டிரம்பெட்டில் ஊதுபவரின் உதடுகளே அதிர்கின்றன. சாக்ஸபோனில் மௌத்பீஸின் அடியில் கட்டிய ஒரு நாணல் தகடு அதிர்கிறது. ரீட் என்பது அதுதான். நம் நாகசுரச் சீவாளியில் இரண்டு இதழ்கள் ஒன்றையொன்று தொட்டு அதிரும். இங்கே ஒரே இதழ், மௌத்பீஸின் விளிம்பைத் தொட்டுத் தொட்டு அதிர்கிறது. நல்ல ரீடுக்கான நாணல் தென் பிரான்சின் வார் மாவட்டத்தில் பெயர்பெற்று விளைகிறது.

இரண்டாவது செய்தி, குழலின் வடிவம். கிளாரினெட்டின் உட்குழல் பெரும்பாலும் உருளை, சாக்ஸபோனின் உட்குழல் கூம்பு. ஒரு முனை மூடிய உருளைக் குழாயில் ஒற்றைப்படை மேற்சுரங்களே எழும் என்று பௌதிகப் பாடத்தில் படிக்கிறீர்கள் அல்லவா? அந்தப் பாடத்துக்குக் கிளாரினெட்டே சாட்சி. அதைப் பலமாக ஊதி மேலே தாவச் செய்தால் அடிப்படைச் சுரத்தின் இரு மடங்கு அதிர்வெண்ணுக்குப் போகாது. மூன்று மடங்குக்குத் தாவும். கூம்புக் குழல் அப்படியன்று. எல்லா மேற்சுரங்களும் அதில் உண்டு. தாவினால் நேராக அடுத்த ஸ்தாயிக்கே போகும். ஆகவே கீழ் ஸ்தாயியிலும் மேல் ஸ்தாயியிலும் விரல்கள் ஏறத்தாழ ஒரே மாதிரி வைக்கலாம். மரக்குழலின் சுறுசுறுப்பையும் பித்தளைக் குழலின் கம்பீரத்தையும் ஒன்றாக்க வேண்டும் என்று ஒரு மனிதர் எண்ணினார். ரீடையும் கூம்பையும் ஒன்று சேர்த்தது அவருடைய துணிவு.

அம்மனிதர் அடால்ஃப் சாக்ஸ். பெல்ஜியத்தில் மியூஸ் நதிக்கரையிலுள்ள தினான் என்ற ஊரில் 1814 நவம்பர் 6 அன்று பிறந்தார். தந்தையும் வாத்தியம் செய்பவரே. குழந்தைப் பருவத்தில் அவருக்கு நேர்ந்த விபத்துகளைக் கேட்டால் இவர் எப்படிப் பிழைத்தார் என்றே தோன்றும். உயரத்திலிருந்து விழுந்தது, ஊசியை விழுங்கியது, தீக்காயம் என்று பட்டியல் நீள்கிறது. பிழைத்தார். 1842-இல் பாரிஸுக்குக் குடிபெயர்ந்தார். அவ்வாண்டு ஜூன் மாதத்திலேயே இசையமைப்பாளர் பெர்லியோஸ் ஒரு நாளிதழில் அவருடைய புதிய கருவியைப் புகழ்ந்து எழுதினார். 1846-இல் பிரெஞ்சு அரசு சாக்ஸபோனுக்குக் காப்புரிமை வழங்கிற்று.

புகழ் வந்த கையோடு பகையும் வந்தது. மற்ற வாத்தியம் செய்பவர்கள் அவருடைய காப்புரிமையை எதிர்த்து ஆண்டுக்கணக்கில் வழக்காடினர். சாக்ஸ் மும்முறை நொடித்துப்போனார். பாரிஸ் கன்சர்வத்வார் என்ற புகழ்பெற்ற இசைக் கல்லூரியில் படைப்பிரிவு இசைஞர்களுக்காக 1857 முதல் அவர் நடத்திய சாக்ஸபோன் வகுப்பும், 1870-இல் பிரஷ்யப் போர் வந்தபோது நின்றுவிட்டது. 1894-இல் அவர் காலமானார். நின்ற வகுப்பு மீண்டும் தொடங்க 72 ஆண்டுகள் ஆயின. இந்த 72 என்ற எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கற்பிக்க ஆசிரியர் இல்லையானால் ஒரு கருவியின் பரம்பரை அறுந்துபோகிறது. “இதுதான் சரியான நாதம்” என்று சொல்ல எவரும் இல்லாமல் போகிறது. பின்னால் வந்த சண்டைக்கெல்லாம் வித்து இங்கேதான் விழுந்தது.

இடைக்காலத்தில் சாஸ்திரீய இசைக்காரர்கள் சாக்ஸபோனை அடியோடு மறந்தார்கள் என்பதும் சரியன்று. 1872-இல் பிஸே தம் ‘லார்லேசியேன்’ நாடக இசையில் அதற்கு இனிய இடம் கொடுத்தார். ஆனால் இக்காலத்தில் அந்தக் கருவிக்கு மிகுந்த தொண்டு செய்தவர் ஒரு பெண்மணி. பெண்கள் பள்ளியின் மலரில் அவரைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன்.

அவர் பெயர் எலிஸ் ஹால். அமெரிக்காவில் பாஸ்டன் நகரைச் சேர்ந்த செல்வக் குடும்பத்தவர். நோயுற்று அவருடைய செவிப்புலன் குறையத் தொடங்கியபோது, ஊதுகருவி ஒன்றைப் பயின்றால் காதுக்கு நல்லது என்று யோசனை சொல்லப்பட்டது. அவர் தேர்ந்துகொண்டது சாக்ஸபோன். அப்பொழுது அவர் நடுவயதில் இருந்தார். கணவர் மறைந்த பின் பாஸ்டனுக்குத் திரும்பி, அங்கே ஓர் இசைக்குழுவை நடத்தினார். தாமும் அதில் வாசித்தார். வாசிப்பதற்குத் தக்க இசை இல்லை என்று கண்டதும், தம் செலவில் பிரெஞ்சு இசையமைப்பாளர்களிடம் புதிய படைப்புகளைக் கேட்டு வாங்கினார். இருபதுக்கும் மேற்பட்ட படைப்புகள் இவ்வாறு பிறந்தன. அவற்றுள் புகழ்பெற்றது தெபுஸியின் ‘ரப்ஸோதி’.

அது பிறந்த கதையோ வருத்தம் தருவது. 1901-இல் எலிஸ் ஹால் கேட்டார், பணமும் முன்னதாகவே கொடுத்தார். தெபுஸி ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்தார். அந்தக் கருவியைத் தமக்குப் பழக்கமில்லை என்று நண்பர்களுக்கு அங்கலாய்த்து எழுதினார். 1904-இல் பாரிஸில் அந்த அம்மையார் இளஞ்சிவப்பு உடையில் சாக்ஸபோன் வாசித்ததைப் பார்த்து, அந்தக் காட்சி நகைப்புக்குரியது என்று எண்ணினார். பெரிய மேதைதான், ஆயினும் இவ்விடத்தில் அவர்மீது எனக்கு மரியாதை சற்றுக் குறைகிறது. கேலி செய்தவரின் பெயரோடு இன்று அந்த இசை ஒலிக்கிறது. கேட்டு வாங்கியவரின் பெயர் சிறிய எழுத்தில் மறைந்து கிடக்கிறது. தெபுஸி முழுமையாக எழுதி முடிக்காத இசைக்குழுப் பகுதியை ரோழே-துக்காஸ் என்பவர் நிறைவு செய்தார். 1918-இல் தெபுஸி மறைந்தார். அடுத்த ஆண்டு 1919-இல்தான் பாரிஸில் அது முதன்முதல் ஒலித்தது. வாசித்தவர் வேறொருவர். எலிஸ் ஹால் 1924-இல் காலமானார்.

இனி வழக்குக்கு வருவோம்.

பிரதிவாதி மார்செல் மியூல் 1901 ஜூன் 24 அன்று நார்மண்டிப் பகுதியில் ஓப் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தையே முதல் குரு. இளமையில் பள்ளி ஆசிரியர் பயிற்சி பெற்றவர் என்பதை நம் ஆசிரியைகள் மகிழ்ச்சியோடு குறித்துக்கொள்ளலாம். படைச் சேவைக்காகப் பாரிஸ் வந்தவர், 1923-இல் குடியரசுக் காவற்படையின் புகழ்பெற்ற பாண்டில் சேர்ந்தார். பகலில் படைவீரர் சீருடையில் அசைவின்றி நேராக ஒலிக்கும் நாதம். இரவில் நடன அரங்குகளில் அமெரிக்க ஜாஸ் இசையைக் கேட்டு, அவ்வாறே நடுங்கும் நாதம். இரண்டையும் அவர் கலக்கவில்லை.

அந்த நடுக்கத்துக்கு வைப்ரேட்டோ என்று பெயர். கீழ்த்தாடையை மிக மெல்ல அசைத்தால் ரீடின்மீது அழுத்தம் கூடிக் குறையும். ஸ்வரமும் மயிரிழையளவு கீழே இறங்கி மீளும். வயலின்காரர் விரலை அசைப்பது போன்றது. 1928-இல் பாரிஸின் ஓபெரா-கோமிக் அரங்கில் ‘எவொல்யூசியோன்’ என்ற நாட்டிய நாடகத்துக்கு மியூல் வாசித்தபோது, அந்த நடன அரங்கு அசைவை இங்கேயும் கொண்டுவரும்படி கேட்டுக்கொண்டனர். சாஸ்திரீய மேடையில் அது தகுமா என்ற தயக்கம் அவருக்கு இருந்தது. வாசித்துப் பார்த்தார். கேட்டவர்கள் மகிழ்ந்தனர். அன்று முதல் அவர் அதனைத் தட்டிச் செதுக்கி, ஒரு முறையாக்கினார். நிமிடத்துக்குச் சுமார் 300 அசைவுகள், அதாவது நொடிக்கு ஐந்து. ஏனோதானோ என்று நடுங்கக் கூடாது, எண்ணிப் பழக வேண்டும். அதே 1928-இல் அவர் நான்கு சாக்ஸபோன்கள் கொண்ட குழு ஒன்றையும் அமைத்தார். 1942-இல், அறுந்துபோன அந்தக் கன்சர்வத்வார் வகுப்பு மீண்டும் தொடங்கியபோது ஆசிரியராக அமர்ந்தவர் அவரே. 1968 வரை கற்பித்தார். அமெரிக்காவிலிருந்தும் மாணவர்கள் தேடிவந்தனர். 1956-இல் அக்கல்லூரியின் முதற்பரிசு பெற்ற முதல் அமெரிக்க சாக்ஸபோன் மாணவர் ஃபிரெடெரிக் ஹெம்கே இவர்களுள் ஒருவர்.

வாதி சிகுர்ட் ராஷர் 1907 மே 15 அன்று ஜெர்மனியின் எல்பர்ஃபெல்டில் பிறந்தார். முதலில் கிளாரினெட் பயின்றவர். பிழைப்புக்காக நடனக் குழுவில் சாக்ஸபோனைக் கையில் எடுத்தவர், அதன் நாதத்தில் நிறைவு காணாமல் தாமே தேடத் தொடங்கினார். ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933-இல் ஜெர்மனியை விட்டு வெளியேறி, டென்மார்க்கிலும் ஸ்வீடனிலும் கற்பித்தார். (நாஜிகள் சாக்ஸபோனை எவ்வளவு இழிவாகக் கருதினர் என்பதற்கு ஒரு சான்று: 1938-இல் டூசல்டார்ஃபில் அவர்கள் நடத்திய ‘சீரழிந்த இசை’ என்ற கண்காட்சியின் சுவரொட்டியில், சாக்ஸபோன் ஊதும் கறுப்பின மனிதர் ஒருவரைக் கேலிச்சித்திரமாக வரைந்து, அவர் மார்பில் யூதர்களின் விண்மீனைக் குத்தியிருந்தார்கள்.) 1939-இல் ராஷர் அமெரிக்கா சென்று பாஸ்டன் சிம்பொனியுடனும் நியூயார்க் ஃபில்ஹார்மோனிக்குடனும் தனிவாத்தியமாக வாசித்தார். பின்னர் அங்கேயே குடியேறினார்.

ராஷரின் வாதம் இதுதான்: “அடால்ஃப் சாக்ஸ் எந்தக் கருவியைப் படைத்தாரோ அதுவே சாக்ஸபோன். அதன் குழல் பரவளைவுக் கூம்பு என்று அவரே காப்புரிமையில் எழுதியிருக்கிறார். அதன் மௌத்பீஸின் உள்ளறை வட்டமாகவும் விசாலமாகவும் இருந்தது. 1930-களில் நடனக் குழுக்காரர்கள் உரத்த, கூரிய ஒலி வேண்டும் என்று கேட்டதால் செய்பவர்கள் உள்ளறையை ஒடுக்கிவிட்டனர். நாதம் கெட்டுவிட்டது.” அவருடைய சொற்கள் இவையல்ல, கருத்தைச் சுருக்கித் தந்தேன். ராஷர் கடைசிவரை பழைய ‘பிஷர்’ கருவிகளையும் அகன்ற உள்ளறை கொண்ட மௌத்பீஸையுமே வாசித்தார். மியூலோ பாரிஸின் செல்மர் நிறுவனத்துக்கு ஆலோசகராயிருந்து, புதிய கருவிகள் உருவாக உதவினார்.

ஒரு சின்ன உள்ளறை இவ்வளவு செய்யுமா என்று ஐயுறலாம். வகுப்பிலேயே சோதித்துப் பார்க்கலாம், எந்தக் கருவியும் வேண்டாம். எல்லோரும் ஒரே சுருதியில் ‘ஊ’ என்று நீட்டிப் பாடுங்கள். சுருதியை மாற்றாமல், மெல்ல ‘ஈ’ என்று மாற்றுங்கள். சுருதி அதுவே, உரப்பும் ஏறத்தாழ அதுவே. ஆயினும் ஒலியின் பண்பு மாறிவிட்டது அல்லவா? குரல்வளை ஒரே வேலையைத்தான் செய்தது. வாயின் உள்வடிவம் மாறியதால் சில மேற்சுரங்கள் ஓங்கின, சில அடங்கின. அகன்ற வட்ட உள்ளறை ‘ஊ’ பக்கம் சாய்கிறது. ரீடுக்கு எதிரே உட்கூரை தாழ்ந்து, வழி ஒடுங்கிய மௌத்பீஸ் ‘ஈ’ பக்கம் சாய்கிறது. ராஷரின் நாதம் வெல்வெட் துணிபோல இருண்டு உருண்டது. மியூலின் நாதம் வெயிலில் பட்டுப்போலப் பளபளப்பது. குழலின் உலோகத்தை மாற்றினால் நாதம் மாறும் என்று கடைக்காரர்கள் சொல்வதுண்டு. அதைவிட மௌத்பீஸும், ரீடும், ஊதுபவரின் தொண்டையும் உதடுமே பெரிதும் தீர்மானிக்கின்றன.

இதில் கணக்கு ஒன்றும் உண்டு. சாக்ஸபோனின் கூம்பு நுனிவரை செல்வதில்லை. நுனியை வெட்டிவிட்டுத்தான் அங்கே மௌத்பீஸைச் செருகுகிறோம். வெட்டிய நுனிக்கூம்பின் கன அளவுக்கு மௌத்பீஸின் உள்ளளவு ஈடுகொடுத்தால்தான் ஸ்தாயிகள் சுருதி சேரும். உள்ளறை சிறிதானால் மௌத்பீஸைத் தக்கையின்மீது வெளியே இழுத்துவைத்து அளவைச் சரிக்கட்ட வேண்டும். ஆகவே, பழைய கருவிக்குப் பழைய மௌத்பீஸே பொருந்தும் என்று ராஷர் கூறியது வெறும் பிடிவாதம் அன்று, பௌதிகம் அவர் பக்கம் நிற்கிறது. ஆனால், புதிய கருவியைப் புதிய மௌத்பீஸுக்கு ஏற்பச் செய்தால் அதுவும் சுருதி சேரும் என்பதையும் அதே பௌதிகம் சொல்கிறது. இந்த இரண்டாம் பாதியை ராஷரின் சீடர்கள் சிலர் மறந்துவிடுகிறார்கள்.

அடால்ஃப் சாக்ஸின் மூல நாதம் எது என்ற கேள்விக்கு வருகிறேன். அவர் வாசித்த ஒலிப்பதிவு ஒன்றும் நம்மிடம் இல்லை. எஞ்சியிருப்பவை அவர் பட்டறையில் செய்த கருவிகள், மௌத்பீஸ்கள், அக்காலத்தவர் எழுதிய புகழுரைகள். மௌத்பீஸ்கள் ராஷர் சொன்னபடியே அகன்றவைதாம். அந்த அளவுக்கு வாதி வென்றார். ஆனால் பெர்லியோஸின் எழுத்தைப் படித்தால், அவர் வியந்தது ஒரே ஒரு நாதத்தையல்ல. அமைதி, ஏக்கம், உணர்ச்சிப் பெருக்கு என்று பல நிறங்களை ஒரே கருவி தருகிறதே என்றுதான் வியந்தார். அப்படியானால் ‘ஒரே உண்மைக் குரல்’ என்ற பேச்சுக்கே இடமுண்டா? பிறந்தபோது இருந்த குரலே சரியான குரல் என்றால், பியானோவையும் நாம் பழைய மெல்லிய மரச்சட்டத்துக்கே திருப்பி அனுப்ப வேண்டும்.

வைப்ரேட்டோவைப் பற்றிய வாதம் இன்னும் சூடானது. ராஷரும் அதைப் பயன்படுத்தியவரே. ஆனால் நாதமே முதலில், அசைவு அதன்மேல் இட்ட பூச்சு என்பது அவர் பள்ளியின் எண்ணம். மியூலின் பழைய இசைத்தட்டுகளை இன்று கேட்பவர்கள் சிலர், அந்த இடைவிடாத வேகமான அசைவைக் கேட்டு முகம் சுளிக்கிறார்கள். எனக்கும் முதலில் அப்படியே இருந்தது. பிறகு அதே காலத்துப் பாடகியர், வயலின் வித்துவான்கள் ஆகியோரின் இசைத்தட்டுகளைக் கேட்டபோதுதான் புரிந்தது. அன்று எல்லோருமே அப்படித்தான் பாடினார்கள், வாசித்தார்கள். மியூல் சாக்ஸபோனைத் தம் காலத்து நல்ல பாடகியின் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். 1988 முதல் பல்லாண்டுகள் அதே கன்சர்வத்வார் வகுப்பை நடத்திய குளோது தெலாங்கிளின் வாசிப்பில் அசைவு குறைந்து, வேண்டிய இடத்தில் மட்டும் வருகிறது. ஆசிரியர் நாற்காலி அதுவே, செவியின் சுவை மாறிவிட்டது.

நம் மாணவியர் சிலர் வைப்ரேட்டோவைக் கமகம் என்று எண்ணிவிடுகிறார்கள். இரண்டும் வேறு. கமகம் ராகத்தின் உயிர், அதை எடுத்துவிட்டால் ராகமே இல்லை. வைப்ரேட்டோவை எடுத்துவிட்டாலும் மெட்டு அப்படியே நிற்கும். மங்களூர்ப் பகுதியில் பிறந்து, சென்னையில் டி. வி. கோபாலகிருஷ்ணனிடம் பயின்ற கத்ரி கோபால்நாத் (1949–2019), மேடுபள்ளமான சாவிகள் கொண்ட இக்கருவியில் கமகத்தைக் கொண்டுவந்தது ஒரு தனி வீரச்செயல். 1994-இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் மன்றத்தில் பி.பி.சி. இசைவிழாவில் அவர் கர்நாடக இசையை வாசித்தார். ‘டூயட்’ படத்தில் நீங்கள் கேட்பதும் அவர் மூச்சுத்தான். அவருடைய நாதத்தை மியூல் பள்ளி என்றோ ராஷர் பள்ளி என்றோ சொல்ல முடியாது. அது நாகசுரத்தின் வீட்டுப் பிள்ளை.

மூன்றாவது வாதம் மேல் ஸ்வரங்களைப் பற்றியது. சாக்ஸபோனின் சாவிகள் ஏறத்தாழ இரண்டரை ஸ்தாயி தருகின்றன. அதற்கு மேலே மேற்சுரங்களைப் பிடித்து ஏறி, ராஷர் நான்கு ஸ்தாயிவரை வாசித்தார். 1941-இல் வெளியிட்ட பயிற்சி நூலில் அதற்கான வழியையும் எழுதினார். அந்த வழி நம் பாட்டு வகுப்புக்கும் பொருந்தும்: வாசிக்கப்போகும் ஸ்வரத்தை முதலில் மனத்துக்குள் கேட்க வேண்டும். விரலை அசைக்காமல் மிகத் தாழ்ந்த ஸ்வரத்தின் பிடியிலேயே நின்று, தொண்டையையும் மூச்சையும் கொண்டு ஒவ்வொரு மேற்சுரமாக எழுப்ப வேண்டும். மனத்தில் கேட்காதவளுக்குக் குழலிலும் அது வராது. மியூல் இந்த உயர்ந்த பகுதிக்குள் போகவில்லை. கருவியின் இயல்பான எல்லைக்குள் ஒவ்வொரு ஸ்வரமும் முத்துப்போல் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்பதே அவர் குறிக்கோள்.

இருவரும் பகைவர் முகாம்களாக நின்றதாகச் சீடர்கள் சொல்வார்கள். படைப்புகளைப் பார்த்தால் வேறு கதை தெரிகிறது. ருஷ்யாவை விட்டுப் பாரிஸில் வாழ்ந்த முதிய இசைமேதை கிளாஸுனோவ், 1932-இல் மியூலின் நால்வர் குழுவுக்காக ஒரு குவார்ட்டெட் எழுதினார். 1934-இல் ராஷருக்காக ஒரு கன்செர்ட்டோ எழுதினார். இரண்டுக்கும் அவர் இட்ட படைப்பு எண் ஒன்றே, 109. ஒரே முதியவரின் செவி இரண்டு நாதங்களையும் விரும்பிற்று! ஸ்வீடனில் லார்ஸ்-எரிக் லார்சோனும் 1934-இல் ராஷருக்காக எழுதினார். ராஷருக்கென எழுதப்பட்டவை மொத்தம் நூறுக்கு மேல். 1969-இல் அவர் அமைத்த நால்வர் குழுவில் அவருடைய மகள் கரீனா ராஷர் சோப்ரானோவும், லிண்டா பேங்ஸ் பாரிட்டோனும் வாசித்தனர். நால்வரில் இருவர் பெண்கள். இளஞ்சிவப்பு உடையைக் கண்டு சிரித்த காலம் போய்விட்டது.

பெற்றோர் சிலர் “இது கோயிலில் வாசிக்கத் தக்க கருவிதானா?” என்று கேட்பதுண்டு. அதற்கும் ஒரு வரலாறு உண்டு. திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் 1903 நவம்பர் 22, புனித செசிலியம்மாள் திருநாளன்று திருச்சபை இசையைப் பற்றி வெளியிட்ட மடலில், பியானோவையும் மேளம், தாளம் போன்ற ஆரவாரக் கருவிகளையும் கோயிலில் விலக்கினார். பாண்டு கோஷ்டிகளும் கோயிலுக்குள் வாசிக்கலாகாது என்றார். ஆயினும் ஊதுகருவிகளை அவர் முற்றிலும் தள்ளவில்லை. ஆயரின் அனுமதியோடு, இடத்துக்குத் தக்க அளவில், ஆர்கனைப் போன்ற கம்பீர நடையில் வாசிக்கலாம் என்று இடம் விட்டார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பரில் வெளியிட்ட திருவழிபாட்டுச் சாசனம், குழாய் ஆர்கனுக்கு முதன்மை தந்து, தகுதியான பிற கருவிகளையும் அதிகாரமுள்ளோரின் இசைவோடு ஏற்கலாம் என்கிறது. ஆகவே கேள்வி கருவியைப் பற்றியதன்று, வாசிக்கும் விதத்தைப் பற்றியது. நடன அரங்கின் குரலும் அதில் உண்டு, செபத்தின் குரலும் உண்டு. மியூலின் நால்வர் குழு மெல்ல வாசிக்கும் பகுதிகளைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் ஆர்கன் என்றே மயங்குவோம்.

யார் பக்கம் நீ என்று என்னைக் கேட்டால், நாள்தோறும் கேட்க எனக்கு ராஷரின் இருண்ட நாதமே பிடிக்கும். ஆனால் ஒரு மாணவிக்குக் கற்பிக்க வேண்டுமென்றால் மியூலின் முறையிலேயே தொடங்குவேன். ஒவ்வொரு ஸ்வரத்தையும் ஒரே அளவாக்கு, அசைவை எண்ணிப் பழகு, பிறகு உன் விருப்பம்போல் குறைத்துக்கொள் என்பேன். இது முரண்பாடாகத் தோன்றலாம். சமையல் கற்கும்போது அளவுகோப்பையும், கைதேர்ந்தபின் கைப்பக்குவமும் கொள்வதுபோல இது.

கேட்டுப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஓர் எளிய வழி உண்டு. ஜாக் இபேர் 1935-இல் எழுதிய ‘கன்செர்ட்டினோ தா காமெரா’ என்ற படைப்பு சாக்ஸபோனுக்கும் பதினொரு வாத்தியங்களுக்கும் உரியது. அது ராஷருக்குக் காணிக்கையாக்கப்பட்டது. அதே படைப்பை 1937-இல் பிலிப் கோபேர் நடத்த இசைத்தட்டில் பதிவு செய்தவர் மியூல். ராஷரின் பதிவு ஒன்றையும் மியூலின் பதிவையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். முதல் முறை ஸ்வரம் தொடங்கும் விதத்தை மட்டும் கவனியுங்கள். இரண்டாம் முறை நீண்ட ஸ்வரங்களின் நடுப்பகுதியைக் கவனியுங்கள், அசைவு எங்கே புறப்படுகிறது, எங்கே அடங்குகிறது என்று. மூன்றாம் முறை மெல்லிசைப் பகுதியில் ஸ்வரம் எப்படி மௌனத்துக்குள் இறங்குகிறது என்று பாருங்கள். எது நன்று என்ற கேள்வியை நான்காம் முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதலிலேயே கேட்டுவிட்டால் காது அடைத்துவிடும்.

மியூலும் ராஷரும் ஒரே ஆண்டில் மறைந்தனர். ராஷர் 2001 பெப்ருவரி 25 அன்று, தம் 93-ஆம் வயதில். மியூல் அதே ஆண்டு டிசம்பர் 18 அன்று, நூறாண்டு நிறைந்த பின். இபேரின் அச்சிட்ட ஏட்டிலோ அந்த வழக்கு அப்படியே இருக்கிறது. உயர்ந்த பகுதி வரும் இடங்களில், விரும்பினால் ஒரு ஸ்தாயி மேலே வாசிக்கலாம் என்று குறித்திருக்கிறது. கீழே வாசித்தால் மியூலின் வழி, மேலே வாசித்தால் ராஷரின் வழி. இன்று அந்தப் படைப்பைக் கையில் எடுக்கும் இளம்பெண் எவளாயினும், அந்த இடத்துக்கு வருவதற்குமுன் ஒரு முடிவு செய்துகொண்டுதான் மூச்சை உள்ளிழுக்க வேண்டும்.